லேப்டாப் மூடிக்கு நீங்களே வினைல் ஒட்டலாம்

புது லேப்டாப் வாங்கியவர்களின் முதல் கவலை, மூடியில் விழும் கீறல்கள்தான். கார்களுக்கு ஒட்டும் வினைல் ஃபிலிமே இதற்கும் போதும். என் லேப்டாப்பிற்கு வீட்டிலேயே ஒட்டிய முறையைத் தருகிறேன்.

வினைலில் காலண்டர்டு, காஸ்ட் என இரு வகைகள் உண்டு. முன்னது உருளைகளுக்கு இடையே அழுத்தித் தயாராவது. விலை குறைவு, ஆனால் நாளடைவில் சுருங்கும். பின்னது திரவமாகப் பரப்பி உலர்த்தப்படுவது; வளைவுகளில் நன்கு படியும்.

முதலில் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். மென்மையான துணியில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மூடியைத் துடைத்திடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஃபிலிம் பிடிக்காது.

காகிதத்தில் மூடியின் அளவை வரைந்து, ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. குறைத்து ஃபிலிமை வெட்டுங்கள். லேப்டாப்பின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டவே வேண்டாம். பிறகு ஒரு ஓரத்திலிருந்து பின்தாளை உரித்துக்கொண்டே, துணி சுற்றிய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத் தடவுங்கள். மூடிக்குப் பின்னால் திரை இருப்பதால் பலமாக அழுத்தக் கூடாது. ஹேர் டிரையரின் சூட்டையும் ஓரங்களில் மட்டும் லேசாகக் காட்டுங்கள்.

மிக முக்கியமாக, காற்றுத் துளைகளை மூடாதீர்கள். வெப்பம் வெளியேறாவிட்டால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்களோ வைரஸ் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்! வாரண்டிக்குத் தேவையான சீரியல் எண்ணும் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும். எனவே மூடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.