கிளாரினெட் வாசிப்பில் நாவின் தொழில்: தொல்காப்பியப் பிறப்பியல் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டுப் பகுதியின் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் முதன்மைக் காற்றிசைக் கருவி நாகசுரமே. கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டில் சதிர் மேளத்தின் வழியாகத் தமிழகத்தில் இடம்பெற்றது. நாகசுரப் பயிற்சியும் பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அதனைத் தனிக் கச்சேரிக்கு உரிய கருவியாக நிலைநிறுத்தினார். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இக்கருவியைக் கற்பிப்பதில் சொல்லால் விளக்க அரியது நாவின் தொழிலாகும். அதற்குத் தொல்காப்பியப் பிறப்பியல் துணைசெய்வதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாவும் நாணலும்

நாகசுரச் சீவாளி இரட்டை நாணலால் ஆனது. கிளாரினெட்டின் ஊதுவாயில் ஒற்றை நாணலே கட்டப்பட்டுள்ளது. மூச்சு இடையறாது செல்லும்போது நுனிநா நாணலின் முனையைத் தொட்டால் அதிர்வு நிற்கும். விலகினால் சுரம் பிறக்கும். ஆகவே சுரத்தைத் தொடங்குவது நாவின் அடி அன்று, அதன் விலகலே. நாகசுர மரபில் நாவால் சுரங்களைப் பிரித்து வாசித்தல் துத்துகாரம் எனப்படும்.

பிறப்பியலும் பயிற்சி அசைகளும்

மேலைநாட்டுப் பயிற்சி முறை நாவின் தொழிலை அசைகளால் கற்பிக்கிறது. அவ்வசைகளின் ஆங்கில முதல்மெய், கூர்ந்த நாநுனி பல்லுக்குச் சற்று மேலே ஈற்றைத் தொடப் பிறப்பது. தமிழ் மாணவர் அதனைத் தகரமாகவோ டகரமாகவோ ஒலிக்க நேர்கிறது. நா நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அவ்வாறு பரந்த நா நாணலை மிகுதியாக மூடுவதால் சுரத்தின் தொடக்கம் மழுங்கும். டகரத்திலோ நா பின்னோக்கி வளைவதால் நாணலை விட்டு விலகிச் செல்லும், விரைவு குன்றும். எனவே தகரத்தின் முன்னிலையும் கூர்ந்த நுனியும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

உயிரொலியும் கருதத்தக்கது. இகர ஈகாரங்களுக்கு நாவிளிம்பு மேற்பல்லின் அடியை உறும் என்பது பிறப்பியல் கருத்து. நாவின் உடல் உயர்ந்து காற்றுவழி குறுகும் இந்நிலையையே கிளாரினெட் ஆசிரியர் பலரும் வேண்டுகின்றனர். உகரம் இதழ் குவிந்து பிறப்பது. ஆதலின் 'து' என்பதினும் 'தீ' என்னும் அசை நாவின் உயர்நிலையை எளிதில் உணர்த்தும்.

முடிவுரை

வேற்றுமொழி அசையை எழுத்துப்பெயர்த்துக் கற்பிக்கும்போது நாவின் இடம் மாறிவிடுகிறது. மாணவரின் பிழையாகத் தோன்றுவது பல நேரங்களில் அசையின் பிழையே. தாய்மொழியின் ஒலிப்பிடத்தை அறிந்து அசையைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். இலக்கண அறிவு இசைப்பயிற்சிக்கும் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.