பதியாத பத்திரமும் ஜெராக்ஸ் நகலும்

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயத்துக்கு அரியலூர் மழவராயர் நிலம் வழங்கியதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம்மவரோ பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் காணி விற்பனையையும் அண்ணன் தம்பி பாகத்தையும் வெள்ளைத் தாளில் எழுதி, இருவரைச் சாட்சிக் கையொப்பமிடச் செய்து பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். பதிவுச் செலவு மிச்சமாம்! சுண்ணாம்புக்கல்லால் நிலத்தின் விலை ஏறிப் பிள்ளைகள் நீதிமன்றம் ஏறும் நாளில் அசலைக் காணோம். கையில் இருப்பது ஜெராக்ஸ் நகல். அது செல்லுமா?

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதியாவிடில், 49-ஆம் பிரிவின்படி உரிமையை மெய்ப்பிக்க அது உதவாது. எனினும் அறவே பயனற்றதன்று. நிலத்தை எவர், எவ்வகையில் அனுபவித்தார் என்பது போன்ற துணை நோக்கத்துக்கு ஏற்கப்படலாம். கிரயத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கிலும் அவ்வாறே. தமிழகத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதனை ஒப்பியது.

ஆனால் முத்திரைத் தீர்வை என்னும் வாயில்காப்போன் ஒருவன் நிற்கிறான். தீர்வை கட்டாத ஆவணம் எந்த நோக்கத்துக்காகவும் உள்ளே நுழைய முடியாது. அசல் இருந்தால் குறைந்த தீர்வையையும், அதன் பத்து மடங்கு வரை தண்டத்தையும் செலுத்தி மீட்கலாம். நகலுக்கு அந்த வழியும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1971-இலும் 2007-இலும் தீர்த்துரைத்தது. குடும்பங்கள் இடறி விழும் இடம் பெரும்பாலும் இதுவே.

தீர்வை கட்டியிருந்து அசல் தொலைந்திருந்தால், அது இருந்தது, தொலைந்தது, நகல் அதிலிருந்தே எடுக்கப்பட்டது ஆகிய மூன்றையும் மெய்ப்பித்தல் வேண்டும். எதிரியிடம் இருந்தால், முன்வைக்கும்படி அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்நெறி மாறவில்லை.

பதிவு பெற்ற பத்திரமோ தொலைந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஞானஸ்நான ஏட்டைப் பார்த்துப் பங்குத்தந்தை சான்றிதழ் தருவதுபோல், சார்பதிவாளர் தம் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் தருவார். எழுதிய நான்கு மாதங்களுக்குள் பதிதல் வேண்டும். மேலும் நான்கு மாதங்கள் வரை தண்டத்துடன் பதியலாம். அதுவும் கடந்துவிட்டால், எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே புதிய பத்திரம் எழுதி வாங்குவதே வழி.

கூர்ச்சீட்டைப் பற்றியும் கேட்பார்கள். முன்னரே வாய்மொழியாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காகக் குறித்து வைத்த தாளுக்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியது. ஆகவே “பிரித்துக்கொண்டோம்” என்று எழுதியிருக்கிறதா, “இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்” என்று எழுதியிருக்கிறதா என்றே வழக்கறிஞர் முதலில் பார்ப்பார்.