விமானியாதற்கு இரு வழிகள்

பறவையைக் கண்டு பறக்க விழைதல் இளமைக்கு இயல்பு. ஆயின் அவ்விழைவைத் தொழிலாக்க எண்ணுவோர் முதற்கண் தெளிய வேண்டுவது, எவ்வழியே பயில்வது என்பதாம். நம் நாட்டு மாணவர் பலர் பயிற்சிக்கென நாடிச் செல்லும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கு விமானிக்குரிய சான்றிதழ், அவர் தனி விமானியோ வணிக விமானியோ என நிலையைக் காட்டும். ‘ரேட்டிங்’ என்னும் தகுதிக் குறிப்போ, எவ்வகை விமானத்தை எந்நிலைமையிற் செலுத்தலாம் என்பதைக் குறிக்கும். மேகத்தினூடே கருவிகளை மட்டும் நோக்கிச் செலுத்துதற்குரிய தகுதி இவற்றுள் ஒன்று.

இவற்றைப் பெறும் வழிகள், விமான விதிகளின் 61-ஆம் பகுதி, 141-ஆம் பகுதி என்பவற்றால் வழங்கப்பெறுகின்றன. முன்னதில் ஆசிரியரும் மாணவரும் தம் வசதிக்கேற்பப் பாடங்களை அமைத்துக்கொள்ளலாம். பின்னதில் அரசாங்கம் ஏற்ற பாடத்திட்டத்தை வழுவாது பின்பற்றி, இடையிடையே சோதனைகளுக்கும் உட்பட வேண்டும். இக்கட்டுப்பாட்டிற்கு ஈடாக நேரம் குறைகின்றது. தனி விமானிக்கு முன்னதில் 40 மணி நேரம் வேண்டும். பின்னதில் 35 போதும். வணிக விமானிக்கு முன்னதில் 250. பின்னதில் சுமார் 190.

எனின், குறைந்த எண்ணே சிறந்த வழியெனத் துணியலாமோ? ஆகாது. அவ்வெண்கள் சட்டம் வகுத்த கீழெல்லையேயன்றி, பயிற்சி முடியும் நாளல்ல. தனி விமானி நிலைக்குப் பயில்வோருட் பெரும்பாலோர் அவ்வெல்லையைக் கடந்தே தேர்வுக்குச் செல்கின்றனர். பாடத்திற்கும் பாடத்திற்கும் இடையே நாட்கள் நீளின், கற்றது மறக்கும். மறந்ததை மீட்கப் பொருள் மீண்டுஞ் செலவாகும். இறுதியிற் கிடைக்கும் சான்றிதழோ இரு வழியார்க்கும் ஒன்றே.

ஆதலின், வேலை பார்த்துக்கொண்டே ஓய்வுநாட்களிற் பயில்வோர்க்கு முதல் வழி ஏற்றது. முழுநேரமும் பயின்று, விமான நிறுவனத்தில் அமர விரும்புவோர்க்கு இரண்டாவது பெரிதும் பொருந்தும். நிறுவன விமானிக்கு அந்நாட்டிற் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானக் கலைப் பட்டமும் பெற்று, கருவிப் பயிற்சியையும் வணிக விமானிப் பயிற்சியையும் இவ்வழியே முடித்தார்க்கு, துணை விமானியாக அமர 1,000 மணி நேரம் போதும்.

எவ்வழிச் செல்லினும், பொருள் செலுத்துமுன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்க. கண்ணிலோ செவியிலோ மறைந்துள்ள குறை பிற்பட வெளிப்படின், பெற்றோர் கடன்பட்டளித்த பொருளனைத்தும் வீணாம். தாயகந் திரும்புவோர் தம் சான்றிதழை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டுமென்பதையும், அதற்குத் தனித் தேர்வுகளும் செலவும் உண்டென்பதையும் மறவற்க.

விரைவிற் பறத்தல் பெரிதன்று. பறந்தோர் நலமே இறங்குதலே பெரிது. அதற்கேற்ற வழியைத் தேர்வதே அறிவுடைமை.