காணாமல் போன தடையாணையும் காட்டப்படாத தடையாணையும்

புது தில்லி: தில்லி கான் மார்க்கெட்டில் உள்ள பஹ்ரிசன்ஸ் புத்தகக் கடையில் 2024 டிசம்பரில் ஒரு நாவல் விற்பனைக்கு வந்தது. விலை ரூ. 1,999. இந்தியாவுக்குள் 36 ஆண்டுகளாக இறக்குமதி செய்ய முடியாதிருந்த சல்மான் ருஷ்டியின் "தி சாத்தானிக் வெர்சஸ்" என்ற ஆங்கில நாவல்தான் அது. அதற்கு வழி திறந்தது கருத்துரிமையை நிலைநாட்டிய தீர்ப்பு எதுவும் அல்ல. ஒரு கோப்பு தொலைந்து போனதுதான் காரணம்.

1988 செப்டம்பரில் பிரிட்டனில் வெளியான அந்நாவலின் இறக்குமதிக்கு, ராஜீவ் காந்தி தலைமையிலான அரசு அக்டோபர் 5-ஆம் தேதி சுங்கச் சட்டத்தின் கீழ் தடை விதித்தது. ஈரான் மதத் தலைவர் கொமேனி ருஷ்டிக்கு எதிராக ஃபத்வா பிறப்பித்ததே 1989 பிப்ரவரியில்தான். தடை விதிக்கப்பட்டபோது உள்துறை இணையமைச்சராக இருந்த ப. சிதம்பரம், அது தவறு என்று 2015 நவம்பரில் தில்லி இலக்கிய விழா ஒன்றில் ஒப்புக்கொண்டார். காலம் கடந்த ஒப்புதல்தான். எனினும் அதைக்கூடச் சொல்லாதவர்களே அதிகம்.

2019-இல் வாசகர் ஒருவர் அத்தடையை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தும் தடை அறிவிக்கையின் நகலை அதிகாரிகளால் தாக்கல் செய்ய இயலவில்லை. அப்படியோர் அறிவிக்கையே இல்லை என்று கருதுவதைத் தவிர வேறு வழியில்லை எனக் கூறி, நீதிபதிகள் ரேகா பள்ளி, சௌரவ் பானர்ஜி ஆகியோர் 2024 நவம்பர் 5-இல் வழக்கை முடித்து வைத்தனர். தடை சரியா, தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவே இல்லை.

அச்சு நூல்களைத் தடுப்பதற்குச் சட்டம் வகுத்துள்ள முறையில் காகிதத்துக்குத் தனி இடம் உண்டு. ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால், காரணத்தைக் குறிப்பிட்டு மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அருந்ததி ராய், ஏ.ஜி. நூரானி உள்ளிட்டோரின் 25 நூல்களை 2025 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீர் உள்துறை பறிமுதல் பட்டியலில் சேர்த்தபோதும், எவை அந்த நூல்கள் என்பது வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. அந்த ஆணை நியாயமானதா என்பது வேறு விவாதம். எதிர்த்து வழக்காட ஒரு தாளாவது கையில் இருந்தது.

இணையத்தில் எழுதுவோருக்கு அதுவும் அரிது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இணையதளங்களை முடக்க அதிகாரம் தரும் 69-ஏ பிரிவை நிலைநிறுத்தியது. முடக்கத்துக்கான காரணம் எழுத்தில் பதிவாகும், அதை வழக்கின் மூலம் கேள்விக்குள்ளாக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. ஆனால், 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் முற்றிலும் ரகசியம் என்கிறது. எழுதியவரே பார்க்க இயலாத ஆணையை எதிர்த்து எப்படி வாதாடுவது?

வரதட்சிணை வழக்கத்தைக் கேலி செய்து பத்திரிகையாளர் ஒருவர் நடத்திய இணையதளம் 2018-இல் முடக்கப்பட்டது. முடக்க ஆணையின் நகலை அவருக்கு வழங்கி, அவர் தரப்பு விளக்கத்தையும் கேட்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 மே மாதத்தில்!

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. பிரதமர் மோடி கைவிலங்குடன் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாகச் சித்திரித்த கேலிச்சித்திரம் "விகடன் பிளஸ்" மின்னிதழில் வெளியானதைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரி 15-இல் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. விசாரணைக் குழு முன் ஆஜராகுமாறு தகவல் ஒலிபரப்புத் துறையின் நோட்டீஸ் வந்தது அதற்குப் பிறகே. ஒரேயொரு சித்திரத்துக்காக முழுத் தளமும் முடங்கியது. அச்சித்திரத்தைத் தாற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6-இல் உத்தரவிட்டது.

அதற்கு மூன்று நாள்கள் முன்னதாக, 16-ஆவது விதியை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், எழுதியவர் யார் எனத் தெரிந்திருந்தால் அவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற கருத்தையும் விசாரணையின்போது வெளியிட்டது.