ழகரத்துக்கு இடமில்லாத விசைப்பலகை

கோலாலம்பூரின் செராஸ், தாமான் கோனாட்டில் புதன்கிழமைதோறும் கூடும் இரவுச் சந்தையில் கைப்பேசி உறை விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஐபோனா, சாம்சுங்கா, ஷாவ்மியா, கேட்ட நிறத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். திரைக்குக் கீழே எழுத்துப் பொத்தான்கள் வரிசைகட்டி நிற்கும் கைப்பேசிக்கு உறை கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுவார்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கதை வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அலுவலகக்காரர் பலரின் கையில் பிளாக்பெர்ரி இருந்தது. தொலைபேசி எண்ணோடு, பிளாக்பெர்ரியின் செய்திச் சேவையான பிபிஎம்முக்குரிய ‘பின்’ எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்ட காலம் அது. பக்கத்து நாடான இந்தோனேசியாவில் மோகம் இன்னும் ஒருபடி மேலே. 2011 நவம்பரில் ஜகார்த்தா பேரங்காடி ஒன்றில் போல்ட் 9790 வகையை முதல் ஆயிரம் பேருக்குப் பாதி விலையில் கொடுப்பதாக அறிவித்தார்கள். கூட்டம் முண்டியடித்ததில் பலர் காயமடைந்தனர், மயங்கி விழுந்தவர்களும் உண்டு.

அந்த மோகம் வடிந்ததற்கு 2007இல் வந்த ஐபோனைக் காட்டுவது வழக்கம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கைப்பேசிகளின் உடம்பிலேயே இருந்த கோளாறுகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பிளாக்பெர்ரியின் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் மெல்லிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். அழுத்தினால் அது ‘டிக்’கென்று உள்வாங்கி மின்தொடர்பை ஏற்படுத்தும், விட்டதும் எழும்பிக்கொள்ளும். பொத்தானின் மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். வரிசைகளுக்கு இடையே மெல்லிய உலோகப் பட்டை ஓடும். இவை மூன்றும் சேர்ந்ததால்தான் பெருவிரல்கள் திரையைப் பார்க்காமலே எழுத்தைத் தேடிப் பிடித்தன. இந்த வடிவத்தைக் காப்பாற்ற பிளாக்பெர்ரி நிறுவனம் வழக்கு மன்றம் வரை போனது. ஐபோனில் மாட்டிக்கொள்ளும் ‘டைப்போ’ என்ற விசைப்பலகை உறை மீது 2014 ஜனவரியில் வழக்குப் போட்டு, அதன் விற்பனைக்குத் தடையும் வாங்கியது.

பொத்தானில் காட்டிய அக்கறை மற்ற பாகங்களில் இல்லை. 2006இல் வந்த பேர்ல் வகையில் நடுவே ஒரு சின்ன உருளைப் பந்து இருந்தது. விரலால் உருட்டினால் திரையில் சுட்டி நகரும். விரலில் இருக்கும் எண்ணெயும் தூசும் பந்தைச் சுற்றி அப்பிக்கொள்ள, சில மாதங்களில் மேலே உருளும், கீழே உருளாது. வியர்வை காயாத ஊர்களில் இது பெரிய தலைவலி. 2009இல் கர்வ் 8520 பந்தைத் தூக்கிவிட்டு, விரலின் அசைவை ஒளியால் உணரும் சதுரத்தை வைத்தது. அசையும் பாகம் போனது, கோளாறும் அதோடு போனது.

நோக்கியாவும் தப்பவில்லை. 2009இல் கடைக்கு வந்த என்97இன் கேமராவுக்கு நகரும் மூடி உண்டு. மூடிக்குள் புகுந்த தூசு, மூடியைத் திறக்கும்போதெல்லாம் லென்ஸ் கண்ணாடியைக் கீறியது. பாதுகாக்க வைத்த மூடியே படத்தை மங்கலாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த என்900இல் சார்ஜ் செய்யும் துளை பலவீனம். பலகையின் மேற்பரப்பில் ஈயம் வைத்து ஒட்டிய அந்தத் துளை, வயரைக் கொஞ்சம் அசைத்தாலும் பெயர்ந்து வந்தது. துளையின் கால்களைப் பலகைக்குள் செலுத்திப் பற்றவைத்திருந்தால் பிரச்சினை எழுந்திருக்காது. உள்ளே இருந்த மென்பொருளை ரசித்தவர்கள்கூட அந்தத் துளையால் கைப்பேசியைக் கைவிட்டார்கள்.

மெலிவு மோகம் இன்னொரு பக்கம். 2011இன் போல்ட் 9900, பிளாக்பெர்ரி விசைப்பலகைகளிலேயே சிறந்தது என்று இன்றும் பலர் சொல்வார்கள். ஆனால் தடிமனை 10.5 மில்லிமீட்டருக்குள் அடக்கியதில் பேட்டரி 1230 மில்லியாம்பியர்-மணிக்குச் சுருங்கியது. மூன்று ஆண்டு மூத்த போல்ட் 9000க்கே 1500 இருந்தது. கேமராவின் தானியங்கிக் குவிப்பும் காணாமல் போனது. நாள் முழுக்க மின்னஞ்சல் அனுப்புவதற்கென்று வாங்கிய கருவி மாலைக்குள் மூச்சை விட்டது.

கனடா நிறுவனமான பிளாக்பெர்ரி சொந்தத் தயாரிப்பை நிறுத்திய பிறகு, சீனாவின் டிசிஎல் அதன் பெயரில் 2017இல் கீவன்னைக் கொண்டுவந்தது. 3505 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, இடைவெளிப் பொத்தானுக்குள் கைரேகை உணரி என்று பழைய குறைகள் பல தீர்ந்தன. புதுக் குறை திரையில் இருந்தது. வளைத்துப் பார்த்த சோதனையில் திரை சட்டத்தை விட்டுக் கழன்று வந்தது. அதைப் பிடித்து வைக்கப் போதிய பசையே இல்லை. பிறகு பசையைப் பலப்படுத்தினார்கள். 2018இல் வந்த கீ2 இன்னும் தேறியது. என்றாலும் 2020 ஆகஸ்ட் 31உடன் டிசிஎல் விற்பனையை முடித்துக்கொண்டது. பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4ஆம் தேதி நின்றது.

இந்தப் பட்டியலில் எதுவும் தீர்க்க முடியாத கோளாறு இல்லை. ஒருவர் பந்தைச் சரிசெய்தார், இன்னொருவர் பேட்டரியைச் சரிசெய்தார், எல்லாவற்றையும் ஒரே கருவியில் ஒருவரும் சேர்க்கவில்லை. சீனாவின் யூனிஹெர்ட்ஸ் 2019இல் முன்வைத்த டைட்டன், தூசும் நீரும் புகாத உடம்பும் 6000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியும் பொத்தான் கைப்பேசியிலும் முடியும் என்று காட்டியது. விலையாகக் கொடுத்தது 303 கிராம் எடை. சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும். அதே நிறுவனம் 2025இல் வெளியிட்ட டைட்டன் 2 அந்தச் சுமையைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது.

இனி செய்யக்கூடியதை வரிசைப்படுத்துவது கடினமில்லை. விசைப்பலகை நான்கு திருகாணியும் ஒரு இணைப்பு நாடாவும் மட்டும் கொண்ட தனிப் பாகமாக வர வேண்டும். குமிழ் தேய்ந்தால் லோ யாட் வணிக வளாகக் கடைக்காரரே அதைக் கழற்றி மாற்றிவிடலாம். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் திரையையும் பேட்டரியையும் கேமராவையும் பயனரே ஒரு திருப்புளியால் மாற்றும்படி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பொத்தான்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு இருந்தால் வியர்வை குமிழைத் தொடாது.

தமிழருக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கண்ணாடித் திரையில் ஒரு தட்டில் விசைகள் தமிழாகிவிடும். பிளாஸ்டிக் பொத்தானில் அச்சான ஆங்கில எழுத்து அப்படி மாறாது. அச்சு மட்டும் சிக்கல் என்றால் பழகிக்கொள்ளலாம். எண்ணிக்கையும் உதைக்கிறது.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 முறையில் உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துக்கு ஆளுக்கொரு விசை. கணினி விசைப்பலகையில் 26 ஆங்கில எழுத்து விசைகள் போக, பக்கத்தில் உள்ள அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகள் மீதி ஐந்தைத் தாங்குகின்றன. அந்த ஐந்தில் உட்கார்ந்திருப்பவை ச, ஞ, ந, ய, ழ. பிளாக்பெர்ரி பாணிக் கைப்பேசியில் அந்த விசைகளே கிடையாது. ‘தமிழ்’ என்று அடிக்கப் போனால் ழகரத்துக்கு இடமில்லை.

இத்தகைய நெருக்கடி தமிழுக்குப் புதிதல்ல. மலாயாவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா, 247 எழுத்தைத் தட்டச்சுப் பொறியின் சில டஜன் விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அடித்த பின்னும் தாள் நகராமல் நிற்கும் விசைகளைக் கொண்டு புள்ளியையும் விசிறியையும் எழுத்தின் தலையில் ஏற்றினார். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வகுத்த அஞ்சல் முறை 26 விசையிலேயே முழுத் தமிழையும் தருகிறது; அவருடைய செல்லினம் 2005 பொங்கலில் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் அஞ்சல் முறையில் ள, ற, ண மூன்றுக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டும். குட்டிப் பொத்தான்களில் ஒவ்வொரு முறையும் ஷிஃப்டைத் தேடுவது கட்டைவிரலுக்குச் சலிப்பு.

இதற்கான தீர்வு 2014இல் வந்த பிளாக்பெர்ரி பாஸ்போர்ட் கைப்பேசியில் மறைந்திருக்கிறது. மூன்றே வரிசைப் பொத்தான்களை வைத்துவிட்டு, எண்களையும் குறிகளையும் பொத்தானை ஒட்டிய திரையோரத்தில் ஒரு தொடு வரிசையாகக் காட்டியது அது. பாதிப் பொத்தான், பாதிக் கண்ணாடி என்று அன்று பலர் குறைப்பட்டார்கள். தமிழுக்கு அந்தப் பாதிக் கண்ணாடிதான் வசதி. 26 எழுத்துகள் பொத்தானில் இருக்க, விடுபட்ட ஐந்தும் திரையோரத்தில் கட்டங்களாக வந்து நின்றால் தமிழ்99 முழுமையாகிவிடும், அந்த 31 எழுத்துக்கு ஷிஃப்டும் தேவைப்படாது.

இதைச் சோதிக்க ஆலையோ புதிய அச்சோ தேவையில்லை. டைட்டன் 2 ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஐந்து கட்டம் காட்டும் உள்ளீட்டுச் செயலியை ஒரு நிரலாளர் தன் வீட்டு மேசையிலேயே எழுதிப் பார்க்கலாம். அது கைக்குப் படிந்தால், பொத்தான் மேல் தமிழ் எழுத்தை அச்சிடுவது பற்றித் தயாரிப்பாளரிடம் விலை பேசத் தொடங்கலாம்.