கொடையும் சான்றும்

நுழையும்முன்

அறம் செய்ய நல்ல மனம் வேண்டும். செய்த அறம் நிலைக்க நேர்மையான கணக்கு வேண்டும். மும்பையில் குடியேறிய தமிழர்கள் கோவில், பள்ளி, கலைமன்றம் எனப் பல பொது அமைப்புகளை உருவாக்கினர். அத்தகைய அமைப்புகளைத் தாங்கி நிற்பது பலர் தரும் நன்கொடை. நன்கொடைக்குச் சான்றாக வழங்கப்படும் பற்றுச்சீட்டின் தேவையையும் அமைப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

மும்பைத் தமிழரின் பொது அறங்கள்

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழர்கள் உழைப்பை மட்டும் கொண்டுவரவில்லை. கூடி வாழும் பண்பையும் உடன் கொண்டுவந்தனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அங்குத் தமிழர் வழிபடும் பிள்ளையார் கோவில் 1913ஆம் ஆண்டு எழுந்தது. மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர், தம் பிள்ளைகளின் கல்விக்காக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர். செம்பூர் சேடா நகரில் படிகள் ஏறிச் சென்று வழிபடும் முருகன் கோவில் அமைந்தது. 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபை, கிங்ஸ் சர்க்கிள் அருகே பேரரங்கம் ஒன்றை எழுப்பியது. 1990இல் தீவிபத்தில் சிதைந்த அவ்வரங்கம் மீண்டும் கட்டப்பட்டு 1998இல் திறக்கப்பட்டது.

பொது அமைப்புகளின் பணிகள் ஒருவர் பொருளால் மட்டும் நிறைவேறுவன அல்ல. நூறு ரூபாய் தருபவரும் இலட்சம் ரூபாய் தருபவரும் சேர்ந்தே ஓர் அமைப்பை வளர்க்கின்றனர். தந்தவர் ஒருவர், பெற்றுக்கொள்பவர் மற்றொருவர், பயன் அடைபவரோ வேறொருவர். இம்மூவரும் ஒருவரையொருவர் நேரில் அறியாமலும் இருக்கலாம். அவர்களை நம்பிக்கையால் இணைக்கும் சிறு தாளே பற்றுச்சீட்டு ஆகும்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

பணத்தையோ பொருளையோ பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தரும் சீட்டு, பற்றுச்சீட்டு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ‘ரசீது’ என்பர். இது பாரசீக மொழியின் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மராத்தியில் இதற்குப் ‘பாவதி’ என்று பெயர். விழாக் காலங்களில் வீடுதோறும் திரட்டும் பணத்தை மராத்தியர் ‘வர்கணி’ என்பர். வர்கணி தந்தவுடன் பாவதி கேட்டு வாங்குவது மும்பைத் தெருக்களில் அன்றாடம் காணும் காட்சியாகும்.

கல்லில் எழுதிய கொடை

கொடையை எழுத்தில் பதிவு செய்வது தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றை மட்டும் எழுதச் சொல்லவில்லை. தமக்கை குந்தவையும், தேவியரும், பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, அதன் எடை எவ்வளவு, எந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்பன வரை அக்கல்வெட்டுகளில் காணலாம். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர்.

கோவிலில் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தரவேண்டும். ஆடுகளை யார் தந்தார், யார் பெற்றார், எதற்காக என்பவை எழுதப்பட்டமையால், பின்வந்தோர் அவ்வறத்தை மறுக்கவோ மாற்றவோ இயலாதாயிற்று. இன்றைய பற்றுச்சீட்டு செய்வதும் இதே பணியைத்தான்.

டர்பனில் ஒரு கணக்கேடு

கடல்கடந்து வாழ்ந்த இந்தியர்களிடையேயும் இப்பண்பு வேரூன்றியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1894ஆம் ஆண்டு காந்தியடிகள் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கினார். அந்நாட்டில் தமிழர் பலரும் வாழ்ந்தனர். உறுப்பினர் தந்த தொகை ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு தரவேண்டும் என்பதில் காந்தியடிகள் உறுதியாக இருந்தார். பணம் தந்தவர்கள் சீட்டைப் பெரிதாக எண்ணவில்லை. ஆயினும் சீட்டு தருவது நிற்கவில்லை. சரியான கணக்கின்றிப் பொதுவாழ்வில் உண்மையைக் காக்க இயலாது என்ற கருத்தை அவர் தம் ‘சத்திய சோதனை’ நூலில் வலியுறுத்துகிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தந்தவர் ஐயுற்றுக் கேட்டதனால் அங்குச் சீட்டு வழங்கப்படவில்லை. பெற்றவர் தம் கடமை என உணர்ந்து வழங்கினார். நல்ல அமைப்பு, கேட்கும் வரை காத்திராமல் தானே முன்வந்து பற்றுச்சீட்டு தரும்.

பற்றுச்சீட்டில் இருக்க வேண்டியவை

முறையான பற்றுச்சீட்டில் பின்வரும் செய்திகள் இடம்பெறுதல் வேண்டும்.

1. அமைப்பின் பெயர், முகவரி, பதிவு எண்.
2. அமைப்பின் நிரந்தரக் கணக்கு எண். வரிச்சலுகை அனுமதி இருப்பின் அதன் எண்.
3. முன்னரே அச்சிடப்பட்ட வரிசை எண்.
4. பணம் பெற்ற நாள்.
5. நன்கொடையாளரின் பெயர், முகவரி, நிரந்தரக் கணக்கு எண்.
6. தொகை, எண்ணாலும் எழுத்தாலும்.
7. பணம் வந்த வழி: ரொக்கமா, காசோலையா, வங்கிப் பரிமாற்றமா என்பது.
8. நன்கொடையின் நோக்கம்.
9. பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் அமைப்பின் முத்திரையும்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தொகையை எண்ணால் மட்டும் எழுதினால், 500 என்பதன் பின் ஒரு சுழியம் சேர்த்து 5,000 ஆக்கிவிடலாம். எழுத்தாலும் எழுதினால் அவ்வாறு திருத்த முடியாது. வரிசை எண் இருப்பதால், இடையில் ஒரு சீட்டு காணாமற்போனால் தணிக்கையாளர் உடனே கண்டுபிடிப்பார். எழுதும்போது பிழை நேர்ந்தால் அச்சீட்டைக் கிழித்தெறியக் கூடாது. ‘ரத்து’ என்று எழுதி, அடிக்கட்டையுடன் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

நோக்கத்தைக் குறிப்பிடுவதும் இன்றியமையாதது. நூலகத்திற்கென ஒருவர் தந்த பணத்தை விழாப் பந்தலுக்குச் செலவிடுவது முறையன்று. பணம் செலவாகிவிட்டது என்பது மட்டும் கணக்கு ஆகாது. சொன்ன பணிக்கே செலவாயிற்று என்று காட்டுவதே கணக்கு. செலவுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க, சீட்டில் எழுதிய நோக்கமே அடிப்படையாகிறது.

அடிக்கட்டை என்பது அமைப்பிடம் தங்கும் படி. தந்தவரிடம் உள்ள சீட்டும் அடிக்கட்டையும் ஒத்திருக்க வேண்டும். அடிக்கட்டையும் வங்கிக் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். இம்மூன்றும் ஒத்திருந்தால், பொருளாளர்மீது எவரும் வீண்பழி சுமத்த இயலாது. ஆகவே பற்றுச்சீட்டு, தருபவரை மட்டுமன்றிப் பெறுபவரின் நற்பெயரையும் காக்கிறது.

வரிச்சலுகையும் அதன் எல்லையும்

அறப்பணியை ஊக்குவிக்க அரசு வரிச்சலுகை வழங்குகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு இதற்கு வழிவகுத்தது. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பெறுகிறது. பிரிவு எண் மாறினாலும் சலுகை தொடர்கிறது.

சலுகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். தந்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது பிழையான எண்ணம். எடுத்துக்காட்டாக, 50 விழுக்காடு கழிவுக்குரிய அறக்கட்டளை ஒன்றுக்கு ஒருவர் 10,000 ரூபாய் தருகிறார் எனக் கொள்வோம். அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து 5,000 ரூபாய் கழிக்கப்படும். அவர் 20 விழுக்காடு வரி செலுத்துபவராயின், குறையும் வரி 1,000 ரூபாய்; கூடுதல் தீர்வை இக்கணக்கில் சேரவில்லை. எஞ்சிய 9,000 ரூபாய் அவருடைய கொடையே ஆகும். பெரும்பாலான அறக்கட்டளைகளைப் பொறுத்தவரை, வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட உச்ச வரம்பும் இச்சலுகைக்கு உண்டு.

சலுகை பெறச் சில நிபந்தனைகள் உள்ளன. வருமான வரித்துறையின் அனுமதி பெற்ற அமைப்புக்கே கொடை தரப்பட்டிருக்க வேண்டும். ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாயைக் கடந்தால் அதற்குச் சலுகை இல்லை. காசோலை அல்லது வங்கி வழியாகத் தர வேண்டும். அரிசி, துணி, புத்தகம் போன்ற பொருட்கொடைக்கும் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் இக்கழிவு கிடைப்பதில்லை.

2021-22ஆம் நிதியாண்டு முதல், அனுமதி பெற்ற அமைப்புகள் தமக்குக் கிடைத்த நன்கொடைகளின் விவரத்தை வருமான வரித்துறைக்கு மின்வழியில் அளிக்க வேண்டும் என்ற முறை வந்தது. மார்ச் 31இல் ஆண்டு முடிந்தபின், மே 31க்குள் அதனை அளிக்க வேண்டும். அதன் அடிப்படையில் நன்கொடையாளருக்குத் தனிச் சான்றிதழ் வழங்கப்படும். இதனால் பற்றுச்சீட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை; கூடியது. சீட்டில் எழுதிய செய்தியே விவர அறிக்கையில் ஏறுகிறது. நிரந்தரக் கணக்கு எண்ணில் ஓர் எழுத்து பிழையானாலும், உண்மையாகக் கொடை தந்தவர் தம் சலுகையை இழக்க நேரலாம்.

பெறாத பணத்துக்குச் சீட்டு எழுதுவதும், பெற்றதைவிட மிகுதியாக எழுதுவதும் குற்றமாகும். ஆயிரம் பெற்றுப் பத்தாயிரத்துக்குச் சீட்டு தருபவர் நன்கொடையாளருக்கு உதவுவதாக எண்ணலாம். உண்மையில் அவர் அரசையும் ஏமாற்றுகிறார். அமைப்பின் பெயரையும் அழிக்கிறார். அதன் விளைவாக அனுமதி ரத்தானால், நேர்மையாகக் கொடுத்த பிறரும் பாதிக்கப்படுவர்.

மகாராட்டிரத்தின் சட்டம்

மும்பையில் இயங்கும் பொது அறக்கட்டளைகள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. முன்பு பம்பாய்ப் பொது அறக்கட்டளைகள் சட்டம் எனப்பட்ட அது, இப்போது மகாராட்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம் என வழங்குகிறது. இதனை நடைமுறைப்படுத்துபவர், மக்கள் ‘சாரிட்டி கமிஷனர்’ என்று குறிப்பிடும் அற ஆணையர். பொது அறக்கட்டளைகள் அவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். முறையாகக் கணக்கு எழுத வேண்டும். பதிவு பெறாத விழாக்குழுவும், பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு முன் உரிய அனுமதி பெற வேண்டும்.

சிறுகொடைக்கும் சீட்டு உண்டு

வருமான வரி கட்டாதவருக்குப் பற்றுச்சீட்டு எதற்கு என்று சிலர் கேட்பர். தாராவியில் அன்றாடக் கூலி பெறும் தொழிலாளி ஒருவர் பள்ளிக் கட்டட நிதிக்கு நூறு ரூபாய் தரலாம். அவருக்கு வரியும் இல்லை; வரிச்சலுகையும் இல்லை. ஆயினும் அந்த நூறு ரூபாய் அவருடைய ஒருநாள் உழைப்பில் ஒரு பங்கு. செல்வர் தரும் இலட்சத்துக்குச் சீட்டு எழுதும் கை, அவருடைய நூறு ரூபாய்க்கும் எழுத வேண்டும். அப்போதுதான் அந்தப் பள்ளியில் தமக்கும் பங்கு உண்டு என்றும், அதன் கணக்கைக் கேட்கத் தமக்கும் உரிமை உண்டு என்றும் அவர் உணர்வார்.

வரிச்சலுகை பற்றுச்சீட்டின் பயன்களுள் ஒன்று மட்டுமே. கொடுத்தவரின் உரிமை, பெற்றவரின் நேர்மை, பயன்பெறுவோரின் நலன் ஆகிய மூன்றையும் காப்பதே அதன் முதன்மையான பணி.

சொற்பொருள்

அடிக்கட்டை – சீட்டுப் புத்தகத்தில் தங்கும் படி
உழக்கு – பழைய முகத்தல் அளவை
கழிவு – கணக்கில் குறைக்கப்படும் தொகை
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
நந்தா விளக்கு – அணையாமல் எரியும் விளக்கு
ரொக்கம் – கையில் தரும் பணம்

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது?
2. தொகையை எழுத்தாலும் எழுதுவது ஏன்?
3. பிழையான சீட்டை என்ன செய்ய வேண்டும்?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.

1. தஞ்சைக் கல்வெட்டையும் இன்றைய பற்றுச்சீட்டையும் ஒப்பிடுக.
2. வரி கட்டாதவருக்கும் பற்றுச்சீட்டு தருவது ஏன் முறையானது? உம் கருத்தை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.

நன்கொடையாளரிடம் உள்ள சீட்டில் 500 ரூபாய் என உள்ளது. அதே எண்ணுடைய அடிக்கட்டையில் 300 ரூபாய் என உள்ளது. இதனால் யார் யார் பாதிக்கப்படுவர்?

ஈ. செயல்பாடு

பள்ளி நூலகத்திற்குப் புத்தகம் வாங்க, சனவரி 14ஆம் நாள் ஒருவர் 1,500 ரூபாய் ரொக்கமாகத் தருகிறார் எனக் கொண்டு, முறையான பற்றுச்சீட்டு ஒன்றைத் தமிழில் எழுதுக. வீட்டில் உள்ள பழைய பற்றுச்சீட்டு ஒன்றைப் பெரியோர் உதவியுடன் பார்த்து, பாடத்தில் கூறிய ஒன்பது செய்திகளுள் எவையெவை அதில் உள்ளன எனப் பட்டியலிடுக.