களிமண்ணும் மரநிழலும்: பேச இயலாத் துயரும் மேய்ப்புப்பணியும்

துயருற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் பெரும்பாலும் இரண்டு கருவிகளையே எடுத்துச் செல்கிறார். ஒன்று திருமறை வாசிப்பு, மற்றொன்று ஜெபம். இரண்டும் சொல்லால் ஆனவை. ஆயினும் தந்தை இறந்துகிடந்ததை முதலில் கண்ட ஐந்து வயதுக் குழந்தைக்கும், வளர்ந்த மகனைக் கிணற்றில் இழந்த தாய்க்கும் பலவேளைகளில் சொல் வருவதில்லை. நாம் கேட்டால் விடையில்லை. நாம் பேசினால் அது அவர்கள் செவியில் ஏறுவதில்லை. இத்தகையோருக்குத் திருச்சபை செய்யத்தக்கது யாது?

வரைதல், களிமண் பிசைதல், பாடுதல், கதை நடித்தல், தோட்டவேலை, திறந்தவெளியில் உலாவுதல் ஆகியவற்றின் வாயிலாகத் துயர் ஆற்றும் முறைகளை மனநலத்துறையினர் இன்று கையாண்டு வருகின்றனர். இவற்றைக் கலைவழிச் சிகிச்சை என்றும், திறந்தவெளிச் சிகிச்சை என்றும் கூறலாம். இவை எங்ஙனம் தோன்றின, எங்ஙனம் பயன்படுகின்றன, மேய்ப்புப்பணிக்கு இவற்றால் வரும் நன்மையும் எல்லையும் எவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

1. சொல்லுக்கு முந்திய ஆறுதல்

சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவிடம் தேவதூதன் விசாரணை நடத்தவில்லை (1 இராஜாக்கள் 19). முதலில் உறக்கம், பின்பு சுட்ட அடையும் தண்ணீரும், மீண்டும் உறக்கம், அதன்பின் நாற்பது நாள் நடை. இத்தனைக்கும் பிறகே ஓரேப் மலையில் கேள்வி எழுகிறது. யோபின் நண்பர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் வாளாவிருந்தனர் (யோபு 2:13). அவர்கள் செய்த நற்பணி அதுவே. வாய்திறந்த பின்னரே அவர்தம் பிழை தொடங்கிற்று.

இதற்கு மனித இயல்பில் காரணம் உண்டு. பேரச்சம் நேரும்போது அது கோவையான கதையாக நினைவில் பதிவதில்லை. நடுக்கமாகவும், திடுக்கிட்டு விழிப்பதாகவும், ஓர் ஓசையாகவும் உடலிலேயே தங்கிவிடுகிறது. சிறு குழந்தைக்கோ அச்சத்தைப் பெயரிட்டுச் சொல்லும் மொழியே இன்னும் முதிரவில்லை. அது தன் அச்சத்தை விளையாடிக் காட்டுகிறது. ஒரே விளையாட்டைப் பலமுறை ஆடி, தான் ஆளப்பட்ட நிகழ்ச்சியைத் தானே ஆளக் கற்றுக்கொள்கிறது. பெரியோரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதைவிட, அருகருகே களைபறிக்கும்போது எளிதில் மனந்திறக்கின்றனர். கைக்கு வேலையிருப்பதால் கண்ணுக்குக் கண் நோக்கும் கூச்சம் நீங்குகிறது. தான் நட்ட விதை முளைப்பதைக் காண்பவர், தம்மால் ஆவது இன்னும் ஒன்றுண்டு என்று அறிகிறார்.

2. வரலாற்றுச் சுருக்கம்

இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் குழுவைச் சார்ந்த வணிகர் வில்லியம் டியூக் என்பாரின் முயற்சியால் 1796இல் 'ரிட்ரீட்' என்னும் இல்லம் திறக்கப்பட்டது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பது இயல்பாயிருந்த அக்காலத்தில், அவ்வில்லம் சங்கிலியை விலக்கிற்று. அங்கே தோட்டமும், கைவேலையும், உலாவுதலும், முற்றத்தில் முயல், கோழி முதலிய சிற்றுயிர்களும் இருந்தன. நோயாளரும் தேவசாயலுடைய மனிதரே என்னும் விசுவாசமே அதன் அடிப்படை.

குழந்தைகளுக்கென லண்டனில் மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1929 அளவில் மணல்தட்டையும் சிறு உருவங்களையும் கொடுத்து, அவர்கள் தத்தம் உலகை அமைத்துக்காட்டச் செய்தார். காசநோயால் மருத்துவமனையில் கிடந்தபோது ஓவியம் தம்மைத் தேற்றியதை உணர்ந்த ஏட்ரியன் ஹில், 1942இல் 'கலைச் சிகிச்சை' என்னும் பெயரை வழங்கினார். 1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது சிறிய ஆய்வே. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கு வழிகாட்டிற்று.

நம் மாநிலத்தில் இவ்வரலாற்றின் இருண்ட பக்கமும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இதற்கு மாறான நல்வழியும் நம்மிடையே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கனடா நாட்டு அருட்பணியாளரான மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தலைமையில் 1957இல் பாகாயத்தில் மனநல நிலையத்தைத் தொடங்கியபோது, நோயாளரோடு உறவினரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. தனிமைப்படுத்தாமல் உறவோடு குணமாக்குதல் என்பது இம்முறையின் உட்பொருள்.

3. மட்டக்களப்பின் பூங்கா

நம் மொழி பேசும் மக்களிடையே இம்முறைகள் முழு உருப்பெற்ற இடம் இலங்கையின் மட்டக்களப்பு. 1990ஆம் ஆண்டின் கொலைகளுக்குப் பின், கிழக்கு மாகாணத்தில் அண்டை ஊர்களில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழத் தொடங்கினர். பெற்றோரை இழந்த பிள்ளைகளும், கொலையைக் கண்ணால் கண்ட பிள்ளைகளும் பலர். 1996இல் இயேசு சபைக் குருவும் உளவள ஆலோசகருமான போல் சற்குணநாயகமும், கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் சேர்ந்து அந்நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உருவாக்கினர்.

அது மருத்துவமனைபோல் தோன்றவில்லை. மரங்களும், செடிகளும், பிராணிகளும் நிறைந்த தோட்டமாகவே இருந்தது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் அங்கு ஒன்றுசேர்ந்து வந்தனர். மண்ணைப் பிசைந்தனர்; வண்ணம் தீட்டினர்; பாடினர்; கதை புனைந்து நடித்தனர். அவர்களை வழிநடத்தியோர் அவ்வூர்களிலிருந்தே பயிற்சி பெற்று வந்தவர்கள்.

இப்பூங்காவின் முறையில் மூன்று செய்திகள் நாம் கருதத்தக்கவை. முதலாவது, 'உனக்கு நேர்ந்ததைச் சொல்' என்று பிள்ளை வற்புறுத்தப்படவில்லை. அது விரும்பியதைச் செய்யும் உரிமையும் காலமும் பெற்றது. இரண்டாவது, காயம் தனியொருவருடையதாக மட்டும் கருதப்படவில்லை. பகைமையும் ஒரு காயமாகையால், பகைவரின் பிள்ளையோடு ஒரே மண்ணைப் பிசைவதும் குணமாகுதலின் ஒரு பகுதியாயிற்று. மூன்றாவது, போர் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. துப்பாக்கி ஓசைக்கு நடுவிலேயே அப்பூங்கா பூத்தது. எருசலேமின் வீதிகளில் விளையாடும் சிறுவர் சிறுமியரை மீட்பின் அடையாளமாகக் கண்ட சகரியாவின் தரிசனத்தை (சகரியா 8:5) இங்கு நினைவுகூரலாம். பிள்ளைகளின் விளையாட்டை அமைதிக்கால ஆடம்பரமாக அன்று, அமைதியின் வித்தாகவே தீர்க்கன் கண்டான்.

4. செஞ்சிப் பகுதியும் நம் சபைகளும்

மட்டக்களப்பில் நிகழ்ந்தது நம் சிற்றூர்ச் சபைகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த பாறைக்குன்றுகளையும், அனந்தபுரம் போன்ற ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். இங்குத் துயரைத் திறந்தவெளியில், மண்ணைக்கொண்டு, ஊராகக் கூடி வெளியிடும் மரபு புதிதன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுவது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வழிபாட்டையும் அதைச் சார்ந்த கூத்தையும் விளக்குகிறது. பாரதவிழாவின் இறுதியில் வரும் படுகளத்தில், துரியோதனனின் பேருருவம் மண்ணால் நிலத்தில் வனையப்படுகிறது. மாண்டோர்க்காக ஒப்பாரி எழுகிறது. தம் வீட்டு இழப்பைப் பேச முடியாத பெண்ணும் அங்கு அழ இடம் பெறுகிறாள்.

இது அம்மக்களின் வழிபாடு. சிகிச்சை என்று நாம் அதற்குப் பெயரிடுதல் முறையன்று. இரவல் கொள்வதும் நம் கருத்தன்று. ஆயினும் அது எத்தேவைக்கு இடமளிக்கிறது என்பதை நாம் காணவேண்டும். நம் சபைகள் பலவற்றில் ஒப்பாரி நம்பிக்கையற்றோர் செயலென்று விலக்கப்பட்டது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிவிக்கும் நோக்கம் நன்றே. ஆனால் மாரடித்து அழுத தாயை நாற்காலியில் அமர்த்தி ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். அவளது அழுகைக்கு வேறிடம் நாம் காட்டவில்லை. சங்கீதங்களில் பெரும்பகுதி முறையீடே. புலம்பல் என்னும் பெயருடன் ஒரு நூலே திருமறையில் உண்டு. நம் ஆண்டவரும் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். தாய்மொழியில், தன் சொல்லில் ஒரு பெண் புலம்புவது விசுவாசத்திற்கு விரோதமன்று. பெரியோர்க்கு நாம் திருப்பித்தர வேண்டிய முதற் கலை இதுவே.

5. செய்யத்தக்கவையும் தவிர்க்கத்தக்கவையும்

சிற்றூர் ஆயர் செய்யத்தக்கவை எளியவை. கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், பிள்ளைகளுக்கு ஏரிக் களிமண்ணும், வண்ணமும், தாளும் வைக்கலாம். பெரியோர்க்குச் சிறு கீரைப்பாத்தி அமைக்கலாம். துயருற்றவரோடு ஏரிக்கரையில் நடக்கலாம். நாளும் நேரமும் மாறாதிருத்தல் முக்கியம்; நிலைகுலைந்த வாழ்வுக்கு ஒழுங்கே முதல் ஆறுதல். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் ஒரே பாயில் அமர்தல் வேண்டும். சேரிப் பிள்ளைக்குத் தனிப் பாய் இடப்படும் இடத்தில் களிமண் எவரையும் குணமாக்காது. மதமாற்றத்திற்குரிய தூண்டிலாக இதை ஆக்குதல், துயருற்றோரின் நலிவைப் பயன்படுத்துவதாகும், அது கூடாது.

தவிர்க்கத்தக்கவையும் உண்டு. நேர்ந்த கொடுமையை வரையும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. கறுப்பு வண்ணம் கண்டவுடன் பொருளுரைத்தல், படத்தை ஊரார்க்குக் காட்டுதல், பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாகக் கூறுதல் ஆகியவை நம்பிக்கைத் துரோகம். பிள்ளையோடு தனித்திராமல், பெரியோர் இருவர் எப்போதும் பிறர் பார்வையில் இருத்தல் வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு இழைக்கப்படுகிறதென அறிந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தல் கடமை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் மருத்துவரல்லோம் என்பதை மறவாதிருப்போம். சாக விரும்புவதாகக் கூறுபவர், உணவையும் உறக்கத்தையும் பல நாள் இழந்தவர், இல்லாத குரலைக் கேட்பவர் ஆகியோருக்குத் தோட்டவேலை மட்டும் போதாது. அவரைப் பேய்பிடித்தவர் என்று முத்திரையிடாமல், மனநல மருத்துவரிடம் உடன்சென்று சேர்ப்பதே மேய்ப்பனின் வேலை. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் தொலைபேசி மனநல உதவி எண்ணான 14416ஐ ஒவ்வொரு கோயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைத்தல் நலம்.

மனிதனை மண்ணினால் உருவாக்கித் தோட்டத்தில் வைத்தார் தேவன் என்று ஆதியாகமம் சாட்சி கூறுகிறது. பிறவிக்குருடனுக்குப் பார்வையளித்த நம் ஆண்டவரும் மண்ணைக் குழைத்தே அவன் கண்களில் பூசினார். இறையியல் மாணவர்கள் பிரசங்கக் கலையைப் பயில்வதுபோல், பேசாதிருந்து உடனிருக்கும் இக்கலையையும் பயில்வார்களாக. நம் வளாகங்களில் மரநிழல் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. அங்கே பாய் விரிக்கும் ஆயர்களே தேவை.